பின்னால கொல்லையில காய்கறி எப்ப போடறது? பாடாங் செராய் தங்கச்சிக்குப் பதில்

தங்கச்சி கேட்டது சுருக்கமா இதுதான்: மலேசியாவுல கெடா மாநிலம் பாடாங் செராய் பக்கம், பழைய எஸ்டேட்ட அழிச்சுக் கட்டுன தாமான்ல, அதான் குடியிருப்புல, வீடு வாங்கியாச்சு, பின்னால 10 அடிக்கு 20 அடி இடம் இருக்கு, யூடியூப்ல எல்லாரும் ஸ்பிரிங்ல, அதான் வசந்தத்துல, விதை போடுங்கன்னு சொல்றாங்க, மார்ச் 20 ஸ்பிரிங் ஆரம்பம்னு போட்டிருக்கு, அம்மாவக் கேட்டா ஆடியிலதான் போடணுங்கறாங்க, எதைக் கேக்கறது? இதெல்லாம் எழுதிட்டு கடைசியில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க, போன வருஷம் கடையில மூணு மூட்டை கருப்பு மண்ணு வாங்கிக் கொட்டி கத்திரி நட்டேன், பூ விடற நேரத்துல ஒவ்வொண்ணா வாடிச் செத்துப் போச்சுன்னு. எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாத் தெரியுது. தேதி பெரிய விஷயம் இல்லம்மா, தேதிய சீக்கிரம் சொல்லிட்டு மண்ணுக்கு வர்றேன்.

நான் படிச்ச விவசாய ஆபீசர் கிடையாது. குலிம் பக்கம் ஒரு எஸ்டேட்ல செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, நர்சரியில 26 வருஷம், கடைசி 11 வருஷம் ஆளுங்கள மேய்க்கற மண்டோரா இருந்தேன். அதுக்கு முன்ன அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால் வெட்டுனவங்க, லயத்துக்கு, அதான் எஸ்டேட் வரிசை வீட்டுக்கு, பின்னால போட்ட கீரை, வெண்டி, மரவள்ளியில வளந்த வயிறு இது. இப்ப வீட்டுக்குப் பின்னால ஒன்பது பாத்தி இருக்கு, மிஞ்சுனத பசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில, ஒரு மேஜை போட்டு விக்கறோம். ஹைட்ரோபோனிக், அடுக்குமாடி பால்கனி இதெல்லாம் நான் செஞ்சு பாத்ததில்ல, அதப் பத்திக் கேட்டா வேற யாராச்சும் சொல்லணும். தரையில மண்ணுல நடறது மட்டும்தான் என் கணக்கு.

ஸ்பிரிங்ல நடுங்கன்னு அந்த யூடியூப்காரங்க சொல்றது அவங்க குளிர் ஊருக்கு நூத்துக்கு நூறு சரி. அங்க நாலஞ்சு மாசம் மண்ணு ஐஸ் மாதிரிக் கெடக்கும், விதை போட்டா முளைக்காது அழுகும், முளைச்சாலும் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தா காலையில நாத்து கருகிக் கெடக்கும். அதனால கடைசி உறைபனி எப்பன்னு பாத்துக்கிட்டு, வீட்டுக்குள்ள நாத்து விட்டு, வெயில் வந்ததும் ஓடிப் போய் நடறாங்க, ஏன்னா கோடை முடிஞ்சா திரும்ப குளிரு. பகல் நேரமும் அங்க குளிர்காலத்துல எட்டு மணி நேரம், கோடையில பதினாறு மணி நேரம்னு மாறும். நமக்கு? கெடாவுல வருஷத்துல ரொம்ப நீளமான பகலுக்கும் ரொம்பக் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். மண்ணு வருஷம் பூரா சூடு. அதனால மார்ச் 20 நம்ம கொல்லைக்கு ஒண்ணுமே இல்லாத தேதி.

அம்மா சொல்றதும் அதே கதைதான், கோவிச்சுக்கப் போறாங்க, பாத்து சொல்லுங்க. ஆடிப் பட்டம் தேடி விதைங்கறது தமிழ்நாட்டு ஊர்ல இருந்து கப்பல்ல வந்த பேச்சு. அங்க ஆடி கழிஞ்சா ஆவணி, புரட்டாசின்னு மழை வரும், அதுக்கு முன்ன விதைச்சிடணும், கணக்கு சரி. எங்க தாத்தாவும் சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு, ஆனா அவரே லயத்துப் பின்னால சித்திரைக்கு முன்ன விதைச்சிடுவாரு, வாய் ஊருக்கு, கை இந்த மண்ணுக்கு. நம்ம பக்கத்துல கணக்கு குளிரு சூடு இல்ல, தண்ணி. டிசம்பர் கடைசியில மழை குறையும், ஜனவரி பிப்ரவரி காய்ஞ்சு கெடக்கும், மார்ச் கடைசியில இருந்து சாயங்கால இடி மழை ஆரம்பிச்சு ஏப்ரல் மே நல்லாப் பெய்யும், நடுவுல ஜூன் ஜூலை கொஞ்சம் இறங்கும், அப்பறம் செப்டம்பர் அக்டோபர்ல கொட்டும். இது கெடா, பினாங்கு, வட பேராக் கணக்கு. கிழக்குக் கரை கிளந்தான்காரங்க யாராச்சும் இதப் படிச்சா உங்களுக்கு இது ஆகாது, உங்க பெருமழை நவம்பர் டிசம்பர்.

நமக்குன்னு ஒரு காலண்டர் மரத்துலயே தொங்குது தெரியுமா, பால்மரம், அதான் ரப்பர் மரம். ஜனவரி பிப்ரவரியில இலை பூரா செவந்து கொட்டிடும், பால் இறங்காது, வெட்டுக்காரங்களுக்குக் கையில காசு இல்லாத மாசம், எங்கம்மா அந்த மாசத்துலதான் கருவாடும் மரவள்ளியுமா ஓட்டுவாங்க. அப்பறம் கொப்புல செம்புக் கலர்ல துளிர் வரும், அது பச்சையாத் திரும்பற நேரமும் சாயங்கால மழை தொடங்கற நேரமும் பெரும்பாலும் ஒட்டியே வரும். உங்க தாமான் பக்கத்துல இன்னும் நாலு பால்மரம் மிச்சம் இருந்தா அதப் பாருங்க. இலை கொட்டற நேரம் கொல்லையக் கொத்தற நேரம், துளிர் பச்சையாகற நேரம் விதைக்கற நேரம். மழைக்கு மரம் கேரண்டி குடுக்காது, சில வருஷம் முன்னப் பின்ன ஆகும், அதனால ரெண்டு மூணு நல்ல மழை மண்ணுக்குள்ள இறங்குனதுக்கு அப்பறம் நடுங்க. குழாய்த் தண்ணி தினம் ஊத்த முடியும்னா கீரையும் கங்கோங்கும், அதான் வள்ளைக் கீரை, எந்த மாசமும் போடலாம், அதுக்கு நாள் நட்சத்திரம் கிடையாது.

இப்ப பிப்ரவரி, மண்ணு காஞ்சிருக்கு, சரியான நேரத்துலதான் கேட்டிருக்கீங்க. ஆனா மழை வர்ற வரைக்கும் இந்த ஆறு வாரமும் மண்ணச் சரி பண்ணுங்க, ஒரு விதை கூட மண்ணுல போடாதீங்க. வீடு கட்டறவன் முதல் வேலையா மேல் மண்ண வழிச்சு எடுத்துடுவான், பழைய எஸ்டேட்ல அம்பது அறுவது வருஷமா இலை விழுந்து மக்குன அந்த நாலு விரக்கட மண்ணுதான் நல்ல மண்ணு, அது லோரி ஏறிப் போயிருக்கும். உங்களுக்குக் கெடைச்சது அடி மண்ணு, செவப்பு, கல்லு மாதிரி, அதுல சிமெண்டுக் கட்டி, ஓட்டுத் துண்டு, கம்பின்னு ஒரு குப்பை. இந்த மண்ணு மேல மூணு மூட்டைய விரிச்சு நட்டா என்னாகும், வேர் அந்த மெத்தை வரைக்கும் இறங்கும், அடியில சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும், மழை பெஞ்சா தண்ணி நடுவுல தேங்கும், வேர் தொட்டித் தண்ணியில நிக்கற மாதிரி. அதனால முதல்ல ஒரு குழி வெட்டுங்க, ஒரு அடி ஆழம் ஒரு அடி அகலம், தண்ணி நிரப்பி ஒரு தடவ வடிய விட்டு, திரும்ப நிரப்பி மணி பாருங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல வடிஞ்சிட்டா கவலை இல்ல. மறுநாள் காலையிலயும் தண்ணி நின்னா, கீழ நோக்கி விவசாயம் பண்ணாதீங்க, மேல நோக்கிப் பாத்தி கட்டுங்க, ஒரு அடி உசரம்.

கொத்தறதுக்கு சங்குல், அதான் மண்வெட்டி, வாங்குனா சின்னப் பிடி வேணாம், இடுப்பு போயிடும். முதல் நாள் தண்ணி ஊத்தி ஊற விட்டு மறுநாள் கொத்துங்க, கட்டி பிசுபிசுன்னு ஒட்டுனா அன்னிக்கு விட்டுடுங்க, ஈரத்துல மிதிச்சா காஞ்சதும் செங்கல்லு. பாத்தி அகலம் மூணடிக்கு மேல போகாதீங்க, ரெண்டு பக்கமும் நின்னு கை எட்டணும், உள்ள கால் வைக்கவே கூடாது. பத்தடி அகலத்துல நீளவாக்குல ரெண்டு பாத்தி, நடுவுல ஒரு வழி, செவத்தோரம் ரெண்டு வழி, போதும். மூணாவது பாத்தி மேல ஆசப்படாதீங்க, வீட்டுக்காரர் தள்ளுவண்டிய எங்க திருப்புவாரு?

அடுத்தது புளிப்பு. புளிப்ப பிஎச்னு ஒரு எண்ணுல அளப்பாங்க, எண் கொறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி, நம்ம செவப்பு மஞ்சள் மண்ணுல பெரும்பாலும் பிஎச் 4க்கும் 5க்கும் நடுவுல இருக்கும், காய்கறிக்கு 6 பக்கம் வேணும். செம்பனையும் பால்மரமும் மரவள்ளியும் அந்தப் புளிப்பத் தாங்கும், அதனாலதான் எஸ்டேட் ஓடுச்சு, கத்திரியும் வெண்டியும் தாங்காது, மண்ணுல இருக்கற அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியத் தீச்சிடும், மேல எவ்வளவு உரம் கொட்டுனாலும் செடி எடுக்காது. உரக் கடையில ஜி.எம்.எல்னு கேளுங்க, காப்பூர் பெர்த்தானியான்னாலும் குடுப்பாங்க, டோலமைட் கல்ல அரைச்ச தூள், சுண்ணாம்புச் சத்தோட மக்னீசியமும் சேந்து வரும். ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம், உங்க இடம் பூரா எடுத்தாலும் நாலு கிலோவுக்குள்ள அடங்கிடும். தூவி ஆறு அங்குலத்துக்குக் கொத்திக் கலந்து, தண்ணி தெளிச்சு, ரெண்டு மூணு வாரம் சும்மா விடணும். வெத்தலைக்குப் போடற சுண்ணாம்போ, வெள்ளையடிக்கற சுண்ணாம்போ போடாதீங்க, அது காரம். இந்த 200 கிராமும் பொதுக் கணக்குதான், உங்க மண்ண நான் பாக்கல, சிமெண்டு நெறையக் கெடக்கற மூலையில ஏற்கனவே புளிப்பு இறங்கி இருக்கலாம். பத்து இருவது வெள்ளிக்கு, அதான் ரிங்கிட்டுக்கு, பிஎச் பாக்கற கலர் தண்ணி விக்கறாங்க, அத வாங்கி மூணு இடத்துல பாத்துட்டுப் போடுங்க. ரெண்டு முள்ளு குத்திப் பாக்கற அந்த மலிவு மீட்டர் மட்டும் வேணாம், எங்கிட்ட இருந்தது எந்த மண்ணுல குத்துனாலும் 7னுதான் காட்டுச்சு.

சுண்ணாம்பு ரெண்டு வாரம் ஊறுனதுக்கு அப்பறம்தான் எரு. ரெண்டையும் ஒரே நாள் போட்டா எருவுல இருக்கற நைட்ரஜன் அமோனியாவாக் காத்துல போயிடும், மூக்கே சொல்லிடும். ஆட்டுப் புழுக்கை கெடைச்சா அதான் ராஜா, இல்லன்னா மாட்டுச் சாணி, ரெண்டும் மக்கி இருக்கணும். கோழி எரு சக்தி ஜாஸ்தி, ஆபத்தும் ஜாஸ்தி. ரிட்டையர் ஆன முதல் வருஷம் நான் என்ன பண்ணுனேன்னா, 26 வருஷம் நாத்து வளத்த திமிரு, தெரிஞ்ச கோழிப் பண்ணையில இருந்து நாலு மூட்டை பச்சையா வாங்கி வந்து மறுநாளே கொத்தி வெண்டி நட்டேன். அஞ்சாவது நாள் இலை ஓரம் தீஞ்ச காகிதம் மாதிரி சுருண்டுச்சு, பத்தாவது நாள் முப்பது செடியில நாலு மிச்சம், தெருவுல யாரும் ஜன்னல் தொறக்கல, ஈ வேற. என் வீட்டுக்காரி இன்னிக்கும் விருந்தாளி வந்தா அந்தக் கதையத்தான் முதல்ல எடுப்பா. கோழி எருன்னா ரெண்டு மாசம் குமிச்சு மூடி வெச்சு, கையில எடுத்தா சூடும் இல்லாம நாத்தமும் இல்லாம மண்வாசம் வந்ததுக்கு அப்பறம், சதுர மீட்டருக்கு ஒரு கிலோ போதும்.

இப்ப உங்க கத்திரிக்கு வர்றேன். நீங்க எழுதுன மாதிரி பூ விடற நேரத்துல ஒவ்வொண்ணா வாடிச் சாகறது பெரும்பாலும் இப்பிடித்தான்: மத்தியானம் பச்சையாவே தொங்கும், சாயங்காலம் நிமிரும், மறுநாளும் அப்பிடியே, நாலாம் நாள் நிமிரவே நிமிராது, இலையில மஞ்சளும் இருக்காது புள்ளியும் இருக்காது. இது பாக்டீரியா வாடல். வெறும் தண்ணி தேங்குனாலும் செடி வாடும், ஆனா அதுல இலை கீழ இருந்து மஞ்சளாகும், பச்சையா சாகாது. சந்தேகம் தீரணும்னா அடுத்த தடவ வாடற செடியோட அடித்தண்ட ஒரு சாண் வெட்டி, கண்ணாடி கிளாஸ்ல தெளிஞ்ச தண்ணி ஊத்தி, வெட்டுன முனை மட்டும் தண்ணியத் தொடற மாதிரி பிடிச்சு நில்லுங்க, ஆட்டாதீங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல வெட்டு வாயில இருந்து வெள்ளையா ஒரு நூலு கீழ இறங்கும், ஊதுபத்திப் புகைய தலைகீழாப் பாக்கற மாதிரி, அப்பறம் தண்ணி அரிசி கழுவுன தண்ணி மாதிரிக் கலங்கும். அது பூரா கிருமி. நூல் வந்தா மருந்து தேடி அலையாதீங்க, செடியக் காப்பாத்தற மருந்து கிடையாது, கடைக்காரர் எதக் குடுத்தாலும் காசுதான் போகும். வேரோட புடுங்கி பையில கட்டிக் குப்பையில போடுங்க, மக்கற குழியில போடக் கூடாது, கத்தி சங்குல் எல்லாத்தையும் கழுவிக் காய வைங்க.

இந்தக் கிருமி மண்ணுல வருஷக் கணக்கா இருக்கும். கத்திரி, தக்காளி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம், ஒண்ணுக்கு வந்தா மத்ததுக்கும் வரும். அதனால அந்த இடத்துல மூணு வருஷமாவது இந்தக் குடும்பமே வேணாம், பயத்தங்காய், வெண்டி, கீரை, சோளம்னு மாத்துங்க. கத்திரி இல்லாம குழம்பு எப்பிடின்னு கேப்பீங்க, வழி இருக்கு. நம்ம சுண்டைக்காய், மலாய்க்காரங்க தெரோங் பீப்பிட்னு சொல்றாங்களே, அதோட வேர் இந்தக் கிருமிய நல்லாத் தாங்கும். சுண்டை நாத்த வளத்து அது மேல கத்திரியோ தக்காளியோ ஒட்டுப் போடலாம். சுண்டை மெதுவா முளைக்கும், அதனால கத்திரிக்கு ஒரு மாசம் முன்னாலயே விதைச்சிடணும், ரெண்டு தண்டும் ஒரே பருமன் ஆனதும் சுண்டையத் தல வெட்டி நடுவுல கீறி, கத்திரிக் கொப்ப ஆப்பு மாதிரி சீவிச் சொருகி, குடிக்கற ஸ்ட்ராவக் கீறிப் போட்டுக் கவ்வ விட்டு, பிளாஸ்டிக் பையால மூடி நெழல்ல ஒரு வாரம். எனக்கு முதல் தடவ பத்துல மூணுதான் பிடிச்சுது, இப்ப எட்டு பிடிக்கும், கை பழகணும், அவ்வளவுதான். இல்ல இந்தப் பாடெல்லாம் வேணாம்னா பெரிய பாலிபேக்ல, செடி வெக்கற பிளாஸ்டிக் பைதான், வேற மண்ணு போட்டு, தரையத் தொடாம செங்கல் மேல வெச்சு நடுங்க. அந்த மூணு மூட்டைக் கருப்பு மண்ணுலதான் கிருமி வந்துச்சா, நாத்துல வந்துச்சா, ஏற்கனவே நிலத்துல இருந்துச்சான்னு இங்க உக்காந்துக்கிட்டு நான் சொல்ல முடியாது, மூணுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனா கருப்பா இருந்தா நல்ல மண்ணுன்னு நெனைக்காதீங்க, அதுல பலது சதுப்பு மண்ணு, நம்ம செவப்பு மண்ண விடப் புளிப்பு. நான் ஒரு தடவ வாங்குன மூட்டையில கோரைக் கிழங்கு இலவசமா வந்துச்சு, இன்னும் புடுங்கிக்கிட்டு இருக்கேன்.

ஆன்லைன்ல வாங்குன ஸ்பிரிங் விதைன்னு ஒரு லிஸ்ட் போட்டிருக்கீங்க. வெங்காயத்தத் தூக்கிப் போட்டுடுங்க, அந்த ரகம் பதினாலு மணி நேரப் பகல் இருந்தாத்தான் கிழங்கு வைக்கும், நம்ம ஊர்ல ஆயுசுக்கும் அத்தனை வெளிச்சம் கெடைக்காது. கேரட், புரோக்கோலி கேமரன் மலைக்காரங்க பொழப்பு, நமக்கு வேணாம். தக்காளி வளரும், பூக்கும், ஆனா ராத்திரி 22 டிகிரிக்கு மேல இருந்தா பிஞ்சு பிடிக்கறது குறையும், நம்ம ராத்திரி 24. சூடு தாங்கற செர்ரி ரகம் ரெண்டு செடி வெச்சுப் பாருங்க, ஆசைக்கு. இன்னொண்ணு, வெளிநாட்டுல இருந்து விதை வரவழைக்கறதுக்கு இங்க பெர்மிட் வேணும், அடுத்த தடவ டவுன்ல உரக் கடையிலயே வாங்குங்க, நம்ம சூட்டுக்குத் தேறுன விதை அங்கதான் இருக்கு. முதல் போகத்துக்கு என் யோசனை இதுதான்: ஒரு பாத்தி பூரா கீரையும் கங்கோங்கும் சாவிங்கற கடுகுக் கீரையும், ஒரு மாசத்துல அறுக்கலாம், மனசு தெம்பாகும். இன்னொரு பாத்தியில பாதி வெண்டி, பாதி பயத்தங்காய், கொடி ஏற குச்சி நட்டு, ரெண்டும் ஏழு வாரத்துல பறிப்புக்கு வரும். மிளகாய் பாலிபேக்ல நாலு, நீளமான குலாய் ரகம் ரெண்டு, குட்டியா உறைக்கற சில்லி பாடி ரெண்டு. மூலையில முருங்கை நடாதீங்க, பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேல போகும், சண்டை வரும். கறிவேப்பிலை நடுங்க.

வெயில் எப்பிடின்னு நீங்க எழுதல. காய் காய்க்கறதுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் வேணும், கீரைக்கு மூணு நாலு போதும். ஒண்ணு கவனிங்க, நம்ம பக்கம் ஏப்ரல் தொடக்கத்துல மத்தியான வெயில் நேரா உச்சந்தலையில, ஜூன்ல சூரியன் வடக்கால சாஞ்சு போகும், டிசம்பர்ல தெக்கால. அதனால பின் செவுரு வடக்க இருக்கா தெக்க இருக்கான்னு பாத்து, இன்னிக்கு வெயில் விழற இடம் ஆறு மாசம் கழிச்சு நெழலாகுமான்னு யோசிச்சுட்டு வெண்டிய எங்க வைக்கறதுன்னு முடிவு பண்ணுங்க.

பழைய எஸ்டேட் நிலமாச்சே, புல்லு மருந்து விஷம் இருக்குமான்னு பயந்து கேட்டிருக்கீங்க. பாராகுவாட்ங்கற புல்லு மருந்து 2020 ஜனவரியில இருந்தே நாட்டுல தடை, அது களிமண்ணோட ஒட்டிக்கும், வேர் வழியா செடி எடுக்காது. வேற சில மருந்து கொஞ்ச நாள் மண்ணுல தங்கும், ஆனா வீடு கட்டி இத்தனை வருஷத்துல அது பெரும்பாலும் போயிருக்கும். மனசு ஒப்பலன்னா ஒரு டப்பாவுல உங்க மண்ணு, இன்னொண்ணுல தெரிஞ்ச நல்ல மண்ணு, ரெண்டுலயும் பத்து பத்து பச்சைப் பயறு போட்டு மூணு வாரம் பக்கத்துல பக்கத்துல வளருங்க. உங்களுது மட்டும் இலை கோணிக்கிட்டு நின்னா அப்பப் பேசுவோம். முட்டை ஓடு, காப்பித் தூள், வளர்பிறையில விதைக்கறது பத்தியும் கேட்டீங்க. முட்டை ஓடு முழுசாப் போட்டா வருஷம் ஆனாலும் ஓடாவே கெடக்கும், மாவா அரைச்சா கொஞ்சம் சுண்ணாம்பு. காப்பித் தூள் மக்குனா நல்லது, பச்சையா நாத்துக்குப் போடாதீங்க. வளர்பிறை எங்கம்மா பாப்பாங்க, நான் பாக்கறதில்ல, ரெண்டு பேருக்கும் வெண்டி ஒரே மாதிரிதான் காய்ச்சுது.

தண்ணி பிடிச்சு வைக்கற பீப்பாய்க்கு மூடி போட்டுடுங்க, பாலிபேக் தட்டுல தண்ணி நிக்க விடாதீங்க, ஜென்டிக், அதான் கொசுப் புழு, இருந்துச்சுன்னா சுகாதார இலாகாக்காரங்க 500 வெள்ளி வரைக்கும் காம்பவுண்ட், அதான் அபராதம், எழுதுவாங்க, அந்தக் காசுக்குக் காய்கறியே வாங்கிடலாம். இந்த வாரம் வேற எதுவும் பண்ண வேணாம், அந்தக் குழிய மட்டும் வெட்டி, ரெண்டாவது தடவ ஊத்துன தண்ணி வடிய எத்தனை மணி நேரம் ஆச்சு, உள் மண்ணு என்ன கலர், பின் செவுரு எந்தத் திசைன்னு இங்கயே எழுதுங்க. பாத்தி உசரத்த அத வெச்சுத்தான் சொல்லணும்.